ஒத்தையாளுக்கு மட்டும் லைன் கிளியர்

எங்க ஊருக்கு வரணும்னா தனியாத்தான் வரணும். பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்றேன், வக்கீலக் கூட்டிட்டு வர்றேன், மேளம் வச்சு வர்றேன்னு எவன் கெளம்புனாலும் சரி, சாயல்மேட்டு ஸ்டேஷன்ல இருந்து ரயில் மேட்டுல கால் வச்சா ஒரு ஆளுதான் நரிப்பாலைக்கு வந்து சேருவான். மிச்சப் பேரு, ரெண்டு ஸ்டேஷனுக்கும் வெளிய ஒண்ணொண்ணு நிக்கிற, அவுட்டர் சிக்னல் இருந்த மொட்டைக் கம்பத்தத் தாண்டினதும், அந்தா ஊரு தெரியுதுன்னு தலையத் தூக்கிப் பாத்தா, கெளம்புன அதே சாயல்மேட்டுப் பிளாட்பாரத்துல, கெளம்புன அதே வேப்பமரத்துக்கு அடியில, வாயில போட்ட வெத்தலை கூட மெல்லாம நிப்பாக. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. லைன் சட்டம் அப்படி.

ஸ்டேஷன் பேரு நரிப்பாலை ரோடு. பேருலதான் ரோடு. ரோடுன்னு ஒண்ணு எங்களுக்கு அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. கெழக்க கடலு. தெக்கயும் வடக்கயும் உப்புச் சேறு, எறங்குன மாட்ட கொம்பு வரைக்கும் உள்ள வாங்கிட்டுத்தான் ஏப்பம் விடும். மேக்க மட்டும் வெள்ளக்காரன் உப்பு அள்ளிட்டுப் போக மண்ணக் கொட்டிப் போட்ட ஏழு கிலோமீட்டர் மேடு, அதுக்கு மேல தண்டவாளம், அந்தக் கடைசியில சாயல்மேடு. பஸ்ஸு, ஆஸ்பத்திரி, அரிசி மில்லு, சினிமாக் கொட்டகை எல்லாம் அங்கிட்டுத்தான். லைனு எங்க ஊரோட முடிஞ்சு போகும். எஞ்சின் திருப்ப எடம் கெடையாது, அதனால வந்த வண்டி, மாமனாருக்கு முதுகக் காட்டக் கூடாதுன்னு பின்னுக்கே நடக்குற புது மருமக மாதிரி, பின்னுக்கேதான் போகும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு ரூமு, ஒரு பெஞ்சு, ஒரு பூவரச மரம், மரத்துல முப்பது காக்கா, ரூமுக்குள்ள ஒரே ஒரு ஸ்டேஷன் மாஸ்டரு.

கடைசியா இருந்தவரு ஸ்தனிஸ்லாஸ் சாரு. மூக்காலதான் பேசுவாரு. "யாங்ரும் தண்டவாளத்துல நடங்கப்படாங்து! ஆங்டு, மாங்டு, மனுசன், மூணும் எனக்கு ஒண்ணுதாங்ன்!" அவரு ரூமுக்குள்ள செவப்புப் பெயிண்ட் அடிச்ச இரும்புப் பெட்டி ஒண்ணு இருக்கும், மேல ஒரு பித்தளைப் பொத்தானு, பக்கத்துல ஒரு மணி. இதே மாதிரி பெட்டி சாயல்மேட்டுலயும் ஒண்ணு. ஒத்த லைனு இல்லையா, ஒரு வண்டி உள்ள போனா அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் இன்னொண்ணு நுழையக் கூடாது. அதுக்காக அந்தப் பெட்டி ஒரு இரும்பு உருண்டையக் கக்கும், டோக்கனும்பாக. அத ஒரு தோல் பையில போட்டு, பைய ஒரு பெரம்பு வளையத்துல கட்டி டிரைவர் கையில குடுப்பாக. டோக்கன் கையில இருந்தாத்தான் வண்டி நகரும். சாயல்மேட்டுல அத அந்தப் பெட்டிக்குள்ள போட்டு, பொத்தான மூணு வாட்டி அமுக்குனா இங்க டிங், டிங், டிங். வண்டி சேந்திருச்சு, லைன் கிளியரு. அதுக்குப் பெறகுதான் அடுத்தது.

லைன மூடப் போறாகன்னு தாக்கல் வந்தப்ப ஊரே கூடி, வண்டிய சும்மா அனுப்பப்படாது, மாலை மரியாதையோடதான் அனுப்பணும்னு முடிவு பண்ணுச்சு. சாமி புறப்பாட்டுக்குக்கூட அம்புட்டுப் பூ வாங்கினதில்ல. எஞ்சினுக்கு மாலை, டிரைவருக்கு மாலை, கரி அள்ளிப் போடுறவருக்கு மாலை, கார்டுக்கு மாலை, கொடிக்கு மாலை. அதுல எவனோ ஒருத்தன், அந்தப் பெரம்பு வளையமும் பாக்க மாலை மாதிரியே இருக்குன்னு, அதையும் சுத்திச் சாமந்தியக் கட்டி டிரைவர் கழுத்துலயே போட்டுட்டான். டிரைவருக்கு மூக்கு மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுச்சு. சாயல்மேட்டுலயும் அதே கூத்து. அங்க நாதஸ்வரம் வேற. அங்க உள்ளவுக இவரு கழுத்துல கெடந்த மாலையெல்லாம் உருவிப் புது மாலை போட்டு, பழசக் கூடையில அள்ளிட்டுப் போய் எங்கயோ கொட்டிட்டாக. வளையமும் அதோட போச்சு, உருண்டையும் போச்சு. ஸ்தனிஸ்லாஸ் சாரு இங்க மணி முன்னால இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தாரு. "மணி அடிக்கலையேப்பா. மணி அடிக்காம நாங்ன் எப்படி வீட்டுக்குப் போறது?" மூணு நாள் கழிச்சு அவரு மகன் வந்துதான் கூட்டிட்டுப் போனான். அப்ப ரெண்டு பேரு சேந்து போக முடிஞ்சுது.

பெறகு மேட்டு மேலயே லாரி கொண்டாந்து தண்டவாளத்த உருவுனாக, கட்டைய உருவுனாக, கூரைத் தகரத்த உருவுனாக, எழுதியிருந்த பேர்ப்பலகையக்கூட விடல. அந்த ரெண்டு செவப்புப் பெட்டி மட்டும் போல்ட்டு துருப்பிடிச்சு வர மாட்டேன்னுருச்சு. வயர அறுத்துட்டு, போங்கடான்னு விட்டுட்டுப் போயிட்டாக. கூட்டமா அந்த மேட்டுல போனது அவுகதான் கடைசி.

மொதல்ல தெரிஞ்சது டீக்கடை செவத்தியான் கல்யாணத்துலதான். சாயல்மேட்டுல இருந்து பொண்ணு வீட்டுக்காரவுக நாப்பது பேரு, சீர்த்தட்டு, பேண்டு வாத்தியம், சாமியாரு எல்லாம் கெளம்பி மேட்டுல நடந்தாக. பத்து மணிக்கு வர வேண்டிய கூட்டம். பன்னெண்டு மணிக்கு பொண்ணு மட்டும் வந்து நின்னுச்சு. தனியா, கழுத்துல மாலை, கையில செருப்பு, ஏழு கிலோமீட்டர் திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்து வலிச்சுப் போயி. "எங்க ஆத்தால்லாம் எங்க?"ன்னு எங்ககிட்ட கேக்குது. நாங்க அதுகிட்ட கேக்குறோம். சாமியாரு அங்க பதினேழாவது வாட்டியா வேப்பமரத்துக்கு அடியில வந்து நின்னுக்கிட்டு ஜெபமாலைய உருட்டிட்டு இருந்தாராம். செவத்தியான் ஒரு டீயப் போட்டுக் குடுத்துப் பூவரச மரத்தடியில உக்கார வச்சான். சாமியாரு மறுநாள் தனியா வந்து தாலி எடுத்துக் குடுத்தாரு. அந்தப் பொண்ணு இன்னைக்கு வரைக்கும் சண்டைன்னா, "ஒத்தையில வந்தவதான, ஒத்தையிலயே போறேன்"னுதான் ஆரம்பிக்கும். செவத்தியான் "போயேன், ஒத்தையிலதான் போக முடியும்"பான்.

விசயத்தப் புரிஞ்சது சாத்தையா மாமாதான். ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேனா முப்பது வருசம் தண்டவாளம் மாத்துற லிவர இழுத்தவரு. வேற ஊருக்கு மாத்தல் போட்டப்ப போகாம நின்னுக்கிட்டவரு. "டோக்கன் உள்ள வரலையில்ல? அதுல இருந்து லைனு ஆரையும் நம்ப மாட்டேங்குது. வண்டியும் ஒண்ணுதான், மனுசனும் ஒண்ணுதான் அதுக்கு. ஒரு நேரத்துல ஒரு உசுரு. போயிச் சேந்தவுக அந்தப் பக்கம் பொத்தான அமுக்குங்க, பாப்போம்"னாரு. மொத ஆளு போயி அமுக்குனான். வயரே இல்லாத பெட்டி இங்க டிங், டிங், டிங்னுச்சு. "அம்புட்டுத்தான்"னு சாத்தையா மாமா பழைய பச்சைக் கொடியத் தொவச்சுக் காயப்போட்டு எடுத்துட்டு வந்து பெட்டி பக்கத்துல உக்காந்தாரு. அதுல இருந்து தெனமும் உக்காந்தாரு.

காலையில இங்க இருந்து அங்க, மத்தியானத்துக்கு மேல அங்க இருந்து இங்க. சைக்கிள்ல போனா அரை மணி நேரம், நடந்தா ஒண்ணரை. ஊரே வரிசையில நிக்கும், மணி அடிக்கும், கொடி அசையும், ஒரு ஆளு போகும். ஆட்டுக்கு, கோழிக்கு, கருவாட்டு மூட்டைக்குச் சட்டம் இல்ல. முலைப்பால் குடிக்கிற பிள்ளைய ஆத்தாளோட சேத்து லைனு ஒண்ணாத்தான் எண்ணும். பால மறந்த மறுநாளே ரெண்டாக்கிரும். அதனால எங்க ஊருப் பொம்பளைக அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மாட்டாக. மீசை மொளைக்கிற மாதிரி இருக்குற பயலெல்லாம் இடுப்புல தொங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவான்.

எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்டு ஒருத்தர் வந்தாரு. முப்பது காரு, முந்நூறு ஆளு, வேட்டு, வாழ்க கோசம். எங்க ஊருக்கு வந்து சேந்தது அவரு மட்டுந்தான். வேட்டி நுனியக் கையில பிடிச்சுக்கிட்டு, நெத்தியில வேர்வை. அவரு வாழ்நாள்ல ஏழு கிலோமீட்டர் கூட ஆளில்லாம நடந்தது அதுதான் மொதத் தடவையாம். மைக்கு இல்ல, கூட வந்த ஆளில்ல. எங்களப் பாத்துக் கும்பிட்டு, "என் உயிரினும் மேலான..."ன்னு ஆரம்பிச்சவரு அப்படியே நிறுத்தி, "கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா"ன்னு கேட்டுக் குடிச்சிட்டு, அழுதுட்டாரு. ஏன்னு அவருக்கும் தெரியல. ஊரே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சு. தோத்துட்டாரு. ஒரு வாட்டி ஏட்டு ஒருத்தரு வந்து ஆளப் பிடிச்சாரு. "நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன், ஓடிறாத"ன்னு சொல்லி அனுப்பி வச்சாரு. அவனும் நாணயமாப் போயி, நாணயமாப் பொத்தான மூணு வாட்டி அமுக்கிட்டு, பெறகுதான் ஓடுனான்.

இப்படிச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாலும், அந்த மேட்டுல போறது அம்புட்டுச் சுளுவு இல்ல. ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாச் சேறு, நடுவுல கருவேல முள்ளு, உங்க காலடிச் சத்தம் உங்களுக்கே பின்னால ஆரோ வர்ற மாதிரி கேக்கும். திரும்பிப் பாத்தா ஆரும் இல்ல, இருக்கவும் முடியாதுன்னு உங்களுக்கே தெரியும், அதுதான் அதுல கொடுமை. வாயே தெறக்காத ஆளு அங்க சத்தம் போட்டுப் பேசிட்டுப் போவான். ஓயாமப் பேசுற ஆளு மறுகரையில வந்து ரெண்டு நாளைக்கு ஊமையா இருப்பான். புருசன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டே எங்கயும் நடந்து போனதுன்னு எங்க ஊருல கெடையாது. சினிமாவுக்குப் போனாக்கூட மொதப் பாதி ஒருத்தரு பாத்திருப்பாரு, பின்பாதி இன்னொருத்தரு. கதைய ராத்திரிச் சோத்து நேரத்துல ஒட்டு வச்சுக்குவாக.

ஒரு வாட்டி மணி அடிக்கல. தபால்காரரு லூக்காஸ் அங்க போகக் கெளம்பியிருந்தாரு. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். உள்ள போனவன் எல்லாம் கம்பத்தத் தாண்டினதும் இங்க பிளாட்பாரத்துக்கே திரும்பி வந்தான். நாலாவது மணி நேரத்துல ஒருத்தன் போனான், திரும்பி வரல, வழி விட்டிருச்சு. அவன் போயிப் பாத்தா மூணாவது கிலோமீட்டருல லூக்காஸ் மார்பப் பிடிச்ச கையோட படுத்திருக்காரு, கடுதாசிப் பை தலைக்கு அணை. உசுருதான் கணக்கு, உடம்பு கணக்கில்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மணி அடிக்காம வழி தெறந்தா என்ன அர்த்தம்னு அதுக்குப் பெறகு எங்க ஊருல ஆருக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

சாத்தையா மாமா பொண்டாட்டி குருவம்மா அத்தைக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்துச்சு. மொதல்ல ஊசியில நூல் கோக்க முடியலைன்னாக, பெறகு வாசப்படி தெரியலைன்னாக, பெறகு வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதுன்னாக. பிள்ளை குட்டி இல்லாத சீவன்க, மாமா பெட்டி முன்னால, அத்தை அடுப்பு முன்னால. சாயல்மேட்டுப் பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கெழமை கண் முகாம் போடுறாக, மூணு மணிக்கு ஸ்டேஷனுக்கே வேன் வந்து ஏத்திட்டுப் போயி ஆபரேசன் பண்ணி விடுறாகன்னு ஒரு நோட்டீசு வந்துச்சு. அது வந்ததுல இருந்து வீட்டுல சண்டை.

"போகாத புள்ள. ஏழு கிலோமீட்டரு கண்ணு தெரியாம எப்படிப் போவ? ரெண்டு பக்கமும் சேறு. நான் கூட வர முடியாது."

"அப்பக் கடைசி வரைக்கும் இப்படியே தடவிட்டுக் கெடக்கவா?"

"என் மூஞ்சியப் பாக்கணும்னு அம்புட்டு ஆசையா ஒனக்கு?"

"ஆங், ரொம்பத்தான். ஒங்க மூஞ்சிய ஆரு பாக்கணும்னா? கொழம்புல உப்பப் போடுறேனா சீனியப் போடுறேனான்னு பாக்கணும். மூணு நாளா இனிக்க இனிக்கச் சாப்பிட்டுட்டு வாயத் தெறக்காம இருக்கீகளே, அதுக்குப் பயந்துதான் போறேன்."

வழி சொன்னது செவத்தியான். "மாமா, ஆளுதான கூடப் போகப்படாது? கயிறு போகலாமுல்ல?" கடக்கரை வீடுகள்ல கெடந்த பழைய வலைக்கயிறையெல்லாம் ஊரு தெரட்டுச்சு. வெள்ளிக்கெழமைக்கு இருபத்திரெண்டு நாளு இருந்துச்சு. தெனமும் போற ஆளுக, அரிசிக்குப் போறவன், மருந்துக்குப் போறவ, சும்மா சினிமாவுக்குப் போறவன், ஆளுக்கு ஒரு கண்டு கயித்தத் தோள்ல போட்டுட்டுப் போயி, முந்தின ஆளு விட்ட எடத்துல இருந்து கருவேலந்தூருல இடுப்பு ஒயரத்துக்குக் கட்டிக்கிட்டே போனாக. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு, ரெண்டுக்கு ரெண்டு, ஏழுக்கு ஏழு முடிச்சு. ஆரும் ஆரையும் பாக்காம, ஒருத்தர் கட்டுன முடிச்ச அடுத்தவரு தொட்டுப் பாத்து, தனித்தனியா ஒரு ஊரே சேந்து செஞ்ச வேலை அது.

வெள்ளிக்கெழமை காலையில ஆறு மணிக்கு அத்தை மஞ்சச் சேலை கட்டி, ஒரு மஞ்சப் பையில ரெண்டு இட்டிலியும் தண்ணியும் எடுத்துக்கிட்டு வந்து நின்னாக. மாமா பச்சைக் கொடியத் தூக்கி ஆட்டுனாரு. அத்தைக்குத் தெரியல. "ஆட்டியாச்சா?"ன்னு கையத் துழாவி, கொடித் துணியத் தொட்டுப் பாத்து, "இது என்ன, கந்தலாப் போச்சு"ன்னாக.

"போனதும் பொத்தான அமுக்கிரு. மூணு வாட்டி."

"தெரியும். முப்பது வருசமா ஒங்க மணியக் கேட்டுத்தான் ஒலையே வச்சேன்."

"செருப்ப இறுக்கிப் போட்டுக்க."

"போட்டிருக்கேன். போங்க அங்கிட்டு."

கயித்தப் பிடிச்சு, ஓரம் ஓரமா, மஞ்சச் சேலை சின்னதாகிச் சின்னதாகி, மொட்டைக் கம்பத்தத் தாண்டி மறைஞ்சுச்சு.

மெதுவாப் போனாலும் மூணு மணி நேரம், ஒம்பது மணிக்கு அடிச்சிரும்னு வச்சிருந்தோம். ஒம்பது ஆச்சு. ஒம்பதரை ஆச்சு. பத்து மணிக்கு ஆளுக மணியவே பாத்துக்கிட்டு நின்னாக. சாத்தையா மாமா எந்திரிச்சாரு, கொடியப் பெஞ்சுல வச்சாரு, மேட்டுல எறங்கி விறுவிறுன்னு நடந்தாரு. கம்பத்தத் தாண்டுனாரு. தாண்டுன உடனே இங்க பூவரச மரத்தடியில வந்து நின்னாரு. நின்ன ஆளு மூஞ்சியப் பாக்கணுமே! ஆயிரங்கோடி கெடைச்ச மாதிரி.

"இருக்கா!"ன்னாரு. "என்னைய உள்ள விட மாட்டேங்குது. இருக்கா!"

அஞ்சு நிமிசம் உக்காந்தாரு. பெறகும் போனாரு, பெறகும் மரத்தடி. "இருக்கா." லைனு கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளத் தள்ள அவருக்கு உசுரு வந்துச்சு. பதினோரு மணிக்குள்ள பத்து வாட்டி போயிட்டு வந்துட்டாரு. செவத்தியானால வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா, "மாமா, மாமியா வீட்டுல கூட இம்புட்டுத் தடவ வெரட்ட மாட்டாக, நீங்க என்னன்னா வெரட்ட வெரட்டப் பல்லக் காட்டுறீக"ன்னான். மாமாவும் சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். பன்னெண்டு மணிக்கு ஆரும் சிரிக்கல. மாமா மட்டும் போயிட்டு வந்துக்கிட்டே இருந்தாரு. வெயிலு உச்சியில. காலு பின்னுது. வர்றாரு, "இருக்கா"ங்கறாரு, தண்ணி குடிக்கிறாரு, போறாரு. வர்றாரு, "இருக்கா"ங்கறாரு. அவரு சொல்லச் சொல்ல ஊரே மூச்சு விடும், அவரு எறங்க எறங்க ஊரே மூச்ச அடக்கும்.

பன்னெண்டரைக்கு எறங்குனவரு கம்பத்தத் தாண்டுனாரு. மரத்தடி காலியா இருந்துச்சு.

நாங்க மரத்தடியப் பாக்குறோம், மேட்டப் பாக்குறோம். அந்தா, கம்பத்துக்கு அங்கிட்டு மாமா நிக்கிறாரு. அவரும் நின்னு திரும்பி எங்களப் பாக்குறாரு. அம்புட்டுத் தூரத்துல மூஞ்சி தெரியல, தோளு மட்டும் தொங்குனது தெரிஞ்சுச்சு. வழி விட்டிருச்சு. மணி அடிக்கல. கொஞ்ச நேரம் நின்னவரு அந்தப் பக்கமாத் திரும்பி, ஓடல, மெதுவா, கயித்து மேல கைய வச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சாரு. பொம்பளைக முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டாக. அவரு தலை வெயில்ல கரைஞ்சு, பொட்டாகி, இல்லாமப் போச்சு.

அப்பத்தான் பெட்டியில டிங்.

டிங். டிங்.

அத்தை சாயல்மேட்டுக்குப் போய்ச் சேந்துட்டாக. சேந்து கொஞ்ச நேரம் ஆச்சு. மத்த ஆளுக பிளாட்பாரத்துல ஏறுன உடனே ஓடிப் போயி அமுக்கிருவோம், கண்ணு தெரியாத மனுசி பெட்டி எங்கன இருக்குன்னு செவரத் தடவித் தடவித்தான கண்டுபிடிக்கணும்? பிளாட்பாரத்துல கால் வச்ச அந்த நொடியே லைனு மாமாவுக்கு வழி விட்டிருச்சு. இத நாங்க ஆரும் நினைக்கல. அவரும் நினைக்கல.

"மாமோய்! இருக்காக மாமோய்!" செவத்தியான் மேட்டுல எறங்கி ஓடுனான். கம்பத்தத் தாண்டினதும் மரத்தடியில வந்து விழுந்தான். இப்ப உள்ள இருக்குறது மாமா இல்ல? ஒரு உசுரு உள்ள இருந்தா இன்னொரு உசுரு போக முடியாது இல்ல? பெறகும் ஓடுனான். அவன் பொண்டாட்டி ஓடுச்சு. ஊரே ஓடுச்சு, ஊரே மரத்தடியில வந்து வந்து குமிஞ்சுச்சு, எந்திரிச்சு பெறகும் ஓடுச்சு. தகரத்தத் தட்டுனோம், வேட்டு வச்சோம், இருந்த தொண்டையெல்லாம் சேத்துக் கத்துனோம். காத்து எதிர்க்காத்து, எங்க சத்தத்த எங்க மேலயே கொண்டாந்து போட்டுச்சு. அத்தை உசுரோட இருக்காகன்னு ஊருல ஒரு குஞ்சு குளுவான் விடாம எல்லாருக்கும் தெரியும். தெரிய வேண்டிய ஒரே ஒரு ஆளுகிட்ட சொல்ல வழி இல்ல.

ஏழு கிலோமீட்டரும் அவரு பொண்டாட்டி செத்த ஆளாத்தான் நடந்தாரு. ஒண்ணாவது முடிச்சத் தொட்டாரு, ரெண்டாவது முடிச்சத் தொட்டாரு, ரெண்டு பக்கச் சேத்துலயும் மஞ்ச நெறம் தெரியுதான்னு பாத்துப் பாத்து நடந்தாரு. நாலாவது கிலோமீட்டருல கயிறு அறுந்து கெடந்துச்சு. சேத்துல ஆளு விழுந்து எந்திரிச்ச பள்ளம். பள்ளத்துக்குள்ள ஒத்தச் செருப்பு. எறங்கி, தொடை வரைக்கும் சேத்துல நின்னு, கையவிட்டுத் துழாவுனாரு. செருப்ப எடுத்து வேட்டியில தொடைச்சாரு. "இறுக்கிப் போடுன்னு சொன்னேன்ல"ன்னு அத ஏசுனாராம். பெறகு நடந்தாரு. ஆருக்குத் தாக்கல் சொல்லணும், பந்தலுக்குத் தட்டி ஆருகிட்ட கேக்கணும்னு யோசிச்சாராம். நாளைக்குக் காலையில கொழம்பு இனிக்காதுல்லன்னு தோணுச்சாம், அதுக்குத்தான் உக்காந்துட்டாராம். உக்காந்து அழுது, எந்திரிச்சு, அந்த ஒத்தச் செருப்பு கூட வழி நெடுக பேசிட்டே போனாராம். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருசத்துல அவகிட்ட சொல்லாததையெல்லாம் அதுகிட்ட சொன்னேன்னாரு. என்ன சொன்னீகன்னு கேட்டா, "ஒனக்கென்னடா"ங்கறாரு.

ரெண்டரை மணி வாக்குல சாயல்மேட்டுப் பிளாட்பாரத்துல ஏறுனாரு. செவப்புப் பெட்டிக்குக் கீழ, இடுப்பு வரைக்கும் காஞ்ச சேறோட, ஒரு கால்ல செருப்போட, மஞ்சப் பைய மடியில வச்சுக்கிட்டு அத்தை உக்காந்திருந்தாக. இவரு கிட்டப் போயி நின்னாரு.

"ஆரது?" அத்தை தலையச் சாய்ச்சுக் கேட்டாக. "நரிப்பாலையில இருந்தா வர்றீக? பெட்டி இந்தா எந் தலைக்கு மேலதான் இருக்கு, மூணு வாட்டி அமுக்குங்க. இல்லாட்டி அங்க ஒரு மனுசன் பயந்து போவாரு."

இவரு கைய நீட்டி அமுக்குனாரு. டிங், டிங், டிங். இங்க நாங்க அதக் கேட்டு ஆளாளுக்குக் கட்டிப்பிடிச்சு அழுதோம், அது வேற.

"பெட்டி பக்கத்துல உக்காந்திருப்பாரே, எங்க வீட்டுக்காரரு, பாத்தீகளா? ஏதாச்சும் சாப்பிட்டாரா? நான் வர லேட்டாயிருச்சு. அவரு சும்மாவே சாப்பிட மாட்டாரு."

இவரு முட்டி போட்டு உக்காந்து அந்தச் செருப்ப அத்தை கால்ல மாட்டி விட்டாரு. வார இறுக்குனாரு. அத்தை அந்தக் கையப் பிடிச்சாக. வெரலத் தடவுனாக, லிவர் இழுத்துக் காச்சுப் போன உள்ளங்கையத் தடவுனாக, மூஞ்சியத் தடவுனாக.

"என்ன இது, இம்புட்டு நனைஞ்சிருக்கு? வழியில மழையா?"

"ஆமா புள்ள. தூத்தல்."

"எங்கிட்டுப் பெஞ்சுச்சு? என் மேல ஒரு பொட்டு விழுகலையே"ன்னாக அத்தை.

மூணு மணிக்கு வேன் வந்துச்சு. ஆபரேசன் ஆச்சு. கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு. கட்டவுத்த அன்னைக்கு மொதல்ல அவரு மூஞ்சியத்தான் பாத்தாகளாம், பாத்துட்டு, "இம்புட்டு வயசாயிருச்சா?"ன்னாகளாம். பெறகு ஊருக்குக் கெளம்பி ரெண்டு பேரும் சாயல்மேட்டு ஸ்டேஷனுக்கு வந்தாக. மேட்டு முன்னால நின்னாக.

"நீ முன்னால போ, நான் மணியடிச்சதும் வர்றேன்."

"நீங்க போங்க மொதல்ல."

"நீ போ புள்ள."

"ஒங்கள உள்ள விட்டுட்டு நான் இங்க உக்காந்திருக்கவா? நீங்க போங்கன்னா எனக்குப் பயமாத்தான் இருக்கு. என்னையப் போகச் சொன்னா ஒங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒங்க மூஞ்சியிலயே தெரியுது. இப்பத்தான் எனக்குக் கண்ணு தெரியுதே."

ஒரு வாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேருமா எறங்கிப் பாத்தாக. கம்பத்தத் தாண்டினதும் மாமா வெறுங்கையோட வேப்பமரத்தடியில நின்னாரு. அத்தை அந்தப் பக்கம் நாலு எட்டு தனியாப் போயிட்டு, திரும்பி ஓடி வந்துட்டாக.

அது ஆச்சு அஞ்சு வருசம். கூரையில்லாத அந்தச் சாயல்மேட்டு ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் ஓலை போட்டு இருக்காக. இங்க பெட்டி முன்னால இப்ப செவத்தியான்தான் உக்காந்திருக்கான், கொடி ஆட்டத் தெரியாம டீ ஆத்துற மாதிரி ஆட்டுறான். வாங்கன்னு ஊரே ஒவ்வொருத்தராப் போயிக் கூப்பிட்டுப் பாத்தாச்சு. நாளைக்கு வர்றோம்பாக. மாமா வீட்டு அடுப்புக்குள்ள இப்ப பக்கத்து வீட்டுக் கோழி முட்டை போடுது. போற ஆளு அத மடியில கட்டிக்கிட்டுப் போயி அத்தைகிட்ட குடுத்தா, அத்தை அத அவிச்சு, நேர் பாதியா அறுத்து, உப்பத் தூவி, ஒரு பாதிய மாமாவுக்குக் குடுத்துட்டு மத்தத நம்ம கையில வைப்பாக.

"சாப்பிட்டுட்டுப் போ. தனியா நடக்கணும்ல."

நாமளும் சாப்பிட்டுட்டு மேட்டுல எறங்குவோம். கம்பத்தத் தாண்டித் திரும்பிப் பாத்தா, ரெண்டு பேரும் நின்னு நம்ம தலை மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாக.